எங்கள் ஊர் எரிவாயு தகனமேடை: 5க்கு 4

எங்கள் பங்காளிகளில் யாரையும் எரித்ததில்லை; புதைப்பதுதான் வழக்கம். ஆனால் அப்பா இரண்டு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார்: "உங்க தாத்தா குழிக்கு மேலதான் அப்பத்தா கிடக்கு. அதுக்கும் மேல நான் வேறயா? கேஸ்ல வச்சிரு." அதனால் போன தை மாதம் நகராட்சித் தகனமேடைக்குப் போனோம்.

பதிவுக்கு டாக்டர் தந்த இறப்புச் சான்று, அப்பாவின் ஆதார் நகல், என் ஆதார் நகல். கட்டணம் 2,500 ரூபாய், ரசீது உண்டு. பதிவு செய்தவர் முதலில் கேட்டது, "பேஸ்மேக்கர் ஏதும் வச்சிருக்கா?" இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சுக்குள் வைக்கிற கருவி. அப்பாவுக்கு இருந்தது. அழுகைக்கு நடுவில் எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. உலைச் சூட்டில் வெடித்துவிடும் என்றார். உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்ததால் அங்கேயே எடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு கேள்விக்கே பாதி மார்க் போடலாம்.

நான் ஒரே பிள்ளை. "பொம்பளப் பிள்ளை சுடுகாட்டுக்கு வரலாமா?" என்று சித்தப்பா முனகினார். ஊழியர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கொள்ளி வைக்கிறவங்க முன்னால வாங்க" என்றார், போனேன். கொள்ளி என்றால் இங்கே நெஞ்சின் மேல் ஒரு கட்டி கற்பூரம், அவ்வளவுதான். அப்புறம் தட்டு உள்ளே போகும், கதவு இறங்கும். கடை ஷட்டரை இழுத்துச் சாத்துகிற அதே சத்தம். அதற்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள்.

ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. வறட்டியும் விறகும் அடுக்கி, வைக்கோல் போட்டு மண் பூசினால் விடிய விடிய எரியும். பால் தெளிக்க மறுநாள்தான் போக முடியும்.

குறைகளும் உண்டு. 11 மணி என்று சொல்லிவிட்டு ஒன்றரைக்குத்தான் எடுத்தார்கள். கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. ரசீதுக்கு மேல் ஒருவர் 500 ரூபாய் கேட்டு வாங்கினார். அஸ்திக்குப் பானை நாம்தான் கொண்டுபோக வேண்டுமாம், அதை முன்னாலேயே யாரும் சொல்லவில்லை. காபி வந்த எவர்சில்வர் தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். திரும்பி வாங்கும்போது காபி ஊற்றிய மாதிரியே சுட்டது. அப்பா ஒரு நாளைக்கு ஐந்து காபி குடித்தவர், கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு என்னைப் பற்றியும் யோசித்தேன். தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு 2021இல் இறந்தபோது நெருப்பில்லாமல், காரப்பொருள் (ஆல்கலி) கலந்த வெந்நீரில் உடலைக் கரைத்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2019இல் சட்டமே போட்டு, உடலை உரமாக்க வழி செய்துவிட்டார்கள். எனக்கு அதில்தான் ஆசை, ஒரு முருங்கைக்காவது ஆகலாம். என் கணவர் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கப் போகிறார். உரம் நம் பக்கம் வருகிறவரை எனக்கு இந்த மேடையே போதும். மகளிடம் சொல்லிவிட்டேன், பானையை மட்டும் மறந்துவிடாதே என்று.