மூன்று ஆண்டுகளாக 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன்

பகலில் மெய்ப்புத் திருத்தும் வேலை, விடியற்காலையில் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பு. இரண்டுக்கும் கண்தான் மூலதனம். முன்பெல்லாம் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் எழமாட்டேன். அதுதான் உழைப்பு என்று நம்பியிருந்தேன்.

சிறுவர் நூல் ஒன்று அந்த நம்பிக்கையைக் கலைத்தது. வரிக்கு அடியில் பென்சிலை நகர்த்தியபடி படிப்பது என் வழக்கம். திருத்திய தாள்களை மறுநாள் புரட்டினேன். முதல் 30 பக்கங்களில் ஒற்றுப்பிழைகூடத் தப்பவில்லை. 60ஆம் பக்கத்துக்கு மேல் 'பள்ளிக்கு' என்பது 'பல்லிக்கு' என்று அப்படியே நின்றது. அதற்குக் கீழே என் பென்சிலின் மெல்லிய கோடு இருந்தது. கை போயிருக்கிறது, மனம் போகவில்லை.

அதன் பிறகுதான் பொமோடோரோ முறைக்கு வந்தேன். 1980களின் இறுதியில் இத்தாலியைச் சேர்ந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, மாணவராக இருந்தபோது தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து உருவாக்கியது. 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. நான்கு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. பாத்திரக் கடையில் திருகிவிடும் கடிகாரம் ஒன்றை வாங்கினேன்.

முதல் இரண்டு வாரம் எரிச்சல்தான். பாதி வாக்கியத்தில் மணி அடிக்கும். பிறகு, எழுவதற்கு முன் எந்தச் சொல்லில் ஐயம் என்று ஓரத்தில் குறித்துவிட்டுப் போகப் பழகினேன். திரும்பி வந்ததும் அந்தக் குறிப்பே கையைப் பிடித்து அழைத்துப் போகிறது.

நான் செய்த பெரிய தவறு, ஓய்வில் கைப்பேசியை எடுத்தது. அங்கேயும் எழுத்துதானே! கண்ணுக்கு ஓய்வே இல்லை. ஐந்து நிமிடம் இருபதாகவும் நீண்டது. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது. அதனால்தான் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தை 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். இப்போது மொட்டை மாடிக்குப் போய் எதிர் வீட்டு வேப்பமரத்தைப் பார்க்கிறேன், குடத்தில் தண்ணீர் பிடிக்கிறேன். சோர்வு வந்த பிறகு எழுவதைவிட, வருவதற்கு முன் எழுவதுதான் பலன் தருகிறது.

கணக்குக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. கூட்டுவட்டிக் கணக்கின் நடுவே எழுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்கு 50 நிமிடமும் 10 நிமிட ஓய்வும் வைத்துக்கொண்டேன். தேர்வுக்குப் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம், இடைவேளை கிடையாது. தேர்வு நெருங்கும் மாதத்தில் ஞாயிறுதோறும் எழாமல் உட்கார்ந்து ஒரு முழு மாதிரித் தேர்வு எழுதிப் பழகுகிறேன்.

இன்றும் நாளுக்கு அதே அளவு பக்கங்கள்தான் முடிகின்றன. ஆனால் மாலையில் திருத்தும் கடைசிப் பக்கத்தை மறுநாள் திரும்பப் பார்க்கும்போது இப்போது அச்சமில்லை. கடிகாரம்தான் பழசாகிவிட்டது. 23 நிமிடத்திலேயே மணி அடிக்கிறது. அதே கடையில் இன்னொன்று வாங்க வேண்டும்.