புதுப் பெயிண்ட் அடித்த பழைய டயர் சேஞ்சர்: பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள்

கையால் இயக்கும் பழைய டயர் சேஞ்சர் (ரிம்மிலிருந்து டயரைக் கழற்றி மாட்டும் மிஷின்) ஒன்று, "கம்ப்ளீட் செட், இறக்கி வைத்ததும் வேலை பார்க்கலாம்" என்று சொல்லி விற்கப்பட்டது. வந்து இறங்கியபோது மேலே பளபளவென்று சிவப்புப் பெயிண்ட். அடியில், பீட்டை (ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பை) அழுத்தி விலக்கும் நெம்புகோலான 'பீட் உடைக்கும் கை'யில் விட்டிருந்த விரிசலை வெல்டிங் வைத்துத் தேய்த்து மறைத்திருந்தார்கள். நடுத்தண்டின் மரை தேய்ந்திருந்ததால், வீலை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் கூம்பான கோனை இறுக்கினால் கடைசிச் சுற்றில் வழுக்கியது. டயர் கழற்றும் கம்பிக்குப் பதில், முனை தட்டிய தண்ணீர்க் குழாய். கேட்டால், "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது" என்ற ஒரே பதில்.

இவை சில்லறைக் குறைகள் அல்ல. பீட் உடைக்கும் கையில் ஆள் தன் முழு எடையையும் போட்டு அழுத்துவார். அந்த நேரத்தில் வெல்டிங் விட்டால் முகம் நேராக இரும்பில் போய் மோதும். அதனால் மூட்டுகளில் பெயிண்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சில நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். பெயிண்டைச் சுரண்டாமல் இந்தச் சோதனை பலிக்காது. சுரண்டவே விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

கோனைக் கையால் மேலிருந்து கீழ்வரை சுற்றிப் பாருங்கள். ரிம் போல்ட் ஓட்டையில் நிற்கும் பின் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் கம்பியோடு சேர்ந்து ரிம்மும் சுற்றும். ஆல்ட்டோ போன்ற கார்களின் ரிம்மில் நடு ஓட்டை ஏறக்குறைய 54 மி.மீ. தான். தண்டு அதற்குள் நுழையாவிட்டால் மிஷின் வெறும் இரும்பு. தண்ணீர்க் குழாயை ஒருநாளும் ஏற்காதீர்கள். அதன் கூர்விளிம்பு பீட்டைக் கிழித்துவிடும், கிழிந்த ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்காது.

"போல்ட் வேண்டாம், பலகைமேல் நிறுத்தினால் போதும்" என்று விற்றவர் சொன்னதும் பொய்தான். நீளக் கம்பியைச் சுற்றி இழுக்கும்போது மிஷின் சாயும். குறைந்தது 4 அங்குல கான்கிரீட்டில் 12 மி.மீ. ஆங்கர் போல்ட் எல்லா ஓட்டைகளிலும் போடவேண்டும். டைல்ஸ் தரையில் வைத்தால் டைல்ஸ் உடையும்.

நல்ல மிஷினிலும் பலர் தோற்பது ஒரே இடத்தில். வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க விட்டுவிட்டு, பீட்டை இரண்டு பக்கமும் ரிம்மிலிருந்து விலக்குங்கள். ரிம்மின் உட்பள்ளம் எந்த விளிம்புக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மேலே இருக்கட்டும். விளிம்பெங்கும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், என்ஜின் ஆயில் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். கம்பி தூக்கும் இடத்துக்கு நேர் எதிரே பீட்டை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் இறக்குங்கள். இறக்காமல் பலத்தைக் கூட்டினால் பீட்டுக்குள் இருக்கும் கம்பிதான் அறும். மாட்டும்போதும் இதே முறைதான்.

காற்றடிக்கும்போது 40 பி.எஸ்.ஐ.க்குள் பீட் 'டப்' என்று உட்காரவில்லையென்றால் நிறுத்துங்கள். காற்றை விட்டு, மறுபடி சோப்புத் தண்ணீர் தடவித் தொடங்குங்கள். டயருக்கு மேல் குனிந்து நிற்காதீர்கள். லாக் ரிங் (டயரை ரிம்மில் பூட்டிப் பிடிக்கும் தனி இரும்பு வளையம்) போட்ட லாரி வீலை வீட்டில் தொடவே வேண்டாம், அந்த ரிங் பறந்தால் உயிரே போகும்.

பார்க்கப் போகும்போது டயரோடு ஒரு பழைய 12 அங்குல வீலை எடுத்துப் போங்கள். விற்பவர் இடத்திலேயே மிஷினைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லி, டயரைக் கழற்றி மாட்டிப் பார்த்தபிறகு பணத்தை எடுங்கள். முன்பணமும் அதுவரை வேண்டாம்.