தெற்கு டகோட்டாவின் பொது வேட்டை நிலங்கள்: குளிர்காலத்தில் நாயுடன் செல்வோருக்கான மதிப்புரை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஃபெசன்ட் என்னும் கோழியினக் காட்டுப்பறவையின் வேட்டைப் பருவம் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமையன்று தொடங்குகிறது; கூட்டமும் பேச்சும் அந்த முதல் வாரத்தோடு அடங்கிவிடுகின்றன. ஆனால் 2020 முதல் பருவம் ஜனவரி 31 வரை நீள்கிறது. நன்கு பழகிய நாய் உள்ளவருக்கு, அம்மாநில வேட்டை, மீன்வள, பூங்காத் துறை திறந்து வைத்திருக்கும் பொதுநிலங்களின் அருமை டிசம்பர் பிற்பகுதியில்தான் புரியும் என்பது என் உறுதியான கருத்து.

தனியார் நிலங்களை அரசு குத்தகைக்கு எடுத்து, எவரும் உரிமையாளரிடம் அனுமதி கேட்காமல் நடந்து சென்று வேட்டையாட வழிசெய்யும் திட்டம் அங்கே 1988 முதல் நடந்துவருகிறது. இன்று அதன் பரப்பு பத்து லட்சம் ஏக்கருக்கும் மேல். மாநிலத்துக்கே சொந்தமான வேட்டை நிலங்களும், வாத்து வேட்டைக்காரர்கள் உரிமத்தோடு வாங்கும் முத்திரைவில்லைகளின் பணத்தில் மத்திய அரசு வாங்கிய நீர்ப்பறவை நிலங்களும் இவற்றோடு சேரும். இவை அனைத்தையும் எல்லையுடன் காட்டும் வரைபடத்தைத் துறை இணையத்திலேயே தருகிறது.

ஆயினும் வரைபடம் எல்லையைக் காட்டுமே தவிர, அங்கே பறவை ஒதுங்க மறைவிடம் எஞ்சியிருக்கிறதா என்பதைக் காட்டாது. அக்டோபரில் இடுப்பளவு நின்ற புல்வெளி இரண்டு பனிப்பொழிவுக்குப் பின் தரையோடு படிந்துவிடும். பறவைகள் அதைக் கைவிட்டு, சம்பங்கோரை அடர்ந்த சதுப்புகளுக்கும் மரவேலிகளுக்கும் கூட்டமாகக் குடிபெயரும். ஆகவே குளிர்காலத்தில் ஈரநிலங்கள் நிறைந்த மத்திய அரசு நிலங்களே என் முதல் தேர்வு. அருகில் அறுவடை முடிந்த சோள வயல் இருந்தால் இன்னும் நல்லது. அங்கும் மாநில வேட்டை நிலங்களிலும் ஈயக் குண்டுக்குத் தடை இருப்பதால் எஃகுக் குண்டுகளையே எடுத்துச் செல்ல வேண்டும்.

மூன்று மாதம் துரத்தப்பட்டுத் தப்பிய சேவல்கள் இவை. கார்க் கதவை அறைந்து சாத்தினாலோ, நாயை உரக்கக் கூப்பிட்டாலோ, கோரையின் மறுமுனையில் அவை எழும்பிப் போவதைத்தான் பார்க்க முடியும். காற்றை எதிர்கொண்டு, பேச்சின்றி, நாயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து நுழைய வேண்டும். இறக்கையில் அடிபட்டு விழுந்த சேவல் கோரைக்குள் ஓடி மறைந்துவிடும். பனியில் முகத்தைப் புதைத்து மோப்பம் பிடிக்கும் லாப்ரடார் இல்லாமல் அதைக் கண்டெடுப்பது அநேகமாக நடவாத காரியம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மூன்று சேவல்கள் மட்டுமே, பெட்டையைச் சுடவே கூடாது என்ற சட்டம் இருக்கும்போது, சுட்டதைத் தொலைப்பது எனக்கு மனம் ஒப்பாத செயல்.

இந்தக் குளிர்கால வேட்டையின் விலையில் ஒரு பங்கை நாய்தான் கொடுக்கிறது. விரலிடுக்குகளில் பனி உருண்டு கெட்டிப்பட்டு நடையைத் தடுக்கும். அவ்வப்போது நிறுத்தி, வெறுங்கையால் பிடித்து இளக்கி எடுக்க வேண்டும். கோரைப் பஞ்சு கண்ணில் அப்பிக்கொள்ளும். நீரெலி நடமாடும் இடங்களில் பனிக்கட்டி மெலிந்திருப்பதால், பல நாள் கடுங்குளிர் நீடித்த பிறகே நாயைச் சதுப்புக்குள் விடுவேன். பொறியும் கண்ணியும் வைப்போருக்கும் இதுதான் பருவம், இதே நிலம்தான் களம். உறுதியான கம்பிவெட்டி ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும், பொறியைத் திறக்கும் முறையையும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

வேட்டை நேரம் காலை பத்து மணிக்குத் தொடங்கிச் சூரியன் மறையும்போது முடிகிறது. ஜனவரியின் குறுகிய பகலில் இரண்டு சதுப்புகளை நிதானமாகப் பார்க்க அது போதும். வெளிமாநிலத்தவருக்கான சிறுவேட்டை உரிமம் இரண்டு ஐந்துநாள் தவணைகளாகச் செல்லுபடியாகும். முதல் தவணையை இலையுதிர் காலத்தில் செலவிட்டாலும், இரண்டாவதைக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் ஒரு கடுங்குளிர் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன்.