பட்டினிக்கும் கட்டணம்

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஓர் இயற்கை நல நிலையத்தின் உண்ணாநோன்புத் திட்டத்தில் சேர்ந்தேன். இடம் சுத்தம், உப்பும் மிளகும் அளவாய் விழுந்த வாழைத்தண்டுச் சாறு அருமை. கோளாறு சுவரில் இருக்கிறது. "ஆட்டோபேஜி: புற்றுநோயை உடலே தின்றுவிடும்" என்று ஆளுயரப் பலகை, பக்கத்தில் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமியின் படம். அவருக்கு 2016இல் நோபல் கிடைத்தது, ஈஸ்ட் செல்லில் இது நடக்கும் விதத்தைக் கண்டதற்கு. பட்டினி வைத்தியத்துக்கு அல்ல. ஆட்டோபேஜி என்றால், செல் தன் பழுதான பாகங்களைச் சவ்வுப் பையில் கட்டிச் செரித்துக்கொள்வது. நல்ல வேலைதான். ஆனால் வளர்ந்துவிட்ட புற்றுக்கட்டியும் இதை வைத்தே பிழைக்கக்கூடும். அதனால்தான் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்து இதைத் தடுத்துப் பார்க்கும் சோதனைகளும் நடந்தன. விலங்கியல் நடத்திய வாய் சும்மா இருக்குமா? கேட்டேன். "நம்பிக்கை வேண்டும், டீச்சரம்மா" என்றார் ஆலோசகர்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுபவள் நான்; அதைப் போட்டுப் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். வாட்ஸ்அப் எண்வரை கேட்ட படிவம் மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை. சாயங்காலம் கை நடுங்கி வியர்த்தபோது அங்கே ஒரு கரண்டி சர்க்கரைகூட இல்லை. எதிரே தள்ளுவண்டிக்காரர் ஊற்றித் தந்த பருத்திப்பால்தான் என்னை நிமிர்த்தியது. மீதிக் கட்டணத்தைக் கேட்டால், அடுத்த முறை வரும்போது கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.