"6 மாதத்தில் ராஜபார்ட்" என்று கூப்பிட்டால் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் இசை நாடகம் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் இந்த எச்சரிக்கை. ராஜபார்ட் என்றால் நாடகத்தின் நாயகன் வேஷம். ஆர்மோனியம், மிருதங்கம், வேஷம் என்று ஸ்பெஷல் நாடக (ராத்திரி முழுக்க நடக்கிற இசை நாடகம்) மேடையிலேயே இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். இப்படிக் கூப்பிட்டுப் பணம் வாங்கி ஏமாற்றுகிற பயிற்சி மையத்தின் பெயரைப் போடவில்லை. இன்று ஒரு பெயரில் போர்டு இருக்கும், அடுத்த ஊரில் வேறு பெயரில் இருக்கும். ஆனால் ஏமாற்றும் விதம் ஒன்றேதான்.

விளம்பரத்தில் 36,000 ரூபாய், 6 மாதம், "தொழில்முறை நடிகராக மேடை ஏறலாம்" என்று இருந்தது. சேர்ந்த பிறகு டிரஸ், கிரீடம், மேக்கப் பெட்டி என்று 14,000. கடைசி மாதம் அரங்கேற்றத்துக்கு 20,000. கட்டாவிட்டால் சான்றிதழ் கிடையாது. மொத்தம் 70,000. ரசீது கேட்டவர்களுக்கு வெள்ளைத் தாளில் கையெழுத்து. வகுப்பு சனி, ஞாயிறு இரண்டிரண்டு மணி நேரம், ஒரே கூடத்தில் 22 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 26 வாரத்துக்கு 104 மணி நேரம். அதை 22 பேருக்குப் பிரித்தால், ஒரு பிள்ளை தனியாகப் பாடி, யாராவது கேட்டுத் திருத்திய நேரம் 5 மணிகூட வராது. ஆறு மாதத்துக்கும் சேர்த்து!

நேரம் குறைவு என்பதைக்கூட விட்டுவிடலாம். சொல்லிக் கொடுத்ததே தப்பு என்பதுதான் பெரிய சங்கதி.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் (நாயகி) இன்னோர் ஊர், பபூனும் (கோமாளி) டான்ஸும் வேறு ஊர். பாதிப் பேர் அன்று ராத்திரி 9 மணிக்கு மேக்கப் போடும் இடத்தில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். 10 மணி சுமாருக்கு பபூன் ஏறினால் விடியும்வரை ஓடும். டைரக்டர் இல்லை, பிராம்ப்டர் இல்லை. இவ்வளவு பேரையும் கட்டி வைத்திருப்பது நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழியாக வந்த பொதுப் பாடம், எல்லாரும் படிக்கிற அதே பாட்டும் வசனமும், ஒன்றுதான். அவர் 1922-ல் மறைந்து நூறு வருஷம் தாண்டியும் வள்ளி திருமணத்துக்கு எந்த ஊர் நடிகரும் எந்த ஊர் நடிகரோடும் நிற்க முடிகிறது என்றால் அந்தப் பாடம் இருப்பதால்தான். இந்த மையத்தில் "எங்க மாஸ்டர் சொந்தமா எழுதின ஸ்கிரிப்ட்" என்று ஜெராக்ஸ் நோட்டு ஒன்று கொடுத்தார்கள். எட்டுப் பாட்டு, நாலு பக்க வசனம். அதை மனப்பாடம் செய்த பிள்ளை அதே நோட்டைப் படித்த இன்னொரு பிள்ளையோடு மட்டும்தான் நடிக்க முடியும். வெளியே ஒரு ராஜபார்ட் பொதுப் பாடத்திலிருந்து ஒரு அடியெடுத்துக் கொடுத்தால் எதிர்வரி தெரியாது.

அடுத்தது டிராக். வகுப்பில் ஆர்மோனியம் இல்லை. புளூடூத் ஸ்பீக்கரில் பதிவு போட்டுப் பாட வைத்தார்கள். கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் பிள்ளைகள் மேடையில் விழுந்தது இங்கேதான். டிராக்கில் முன்னிசை எப்போதும் ஒரே நீளம். பிள்ளை தாளத்தைக் கேட்காது, "அந்த மியூசிக் முடிஞ்சதும் ஆரம்பிக்கணும்" என்று காதால் பழகிவிடும். மேடையில் ஆர்மோனியக்காரர் சபையைப் பார்த்து இரண்டு சுற்று கூட வாசிப்பார், சில நேரம் ஒரே சுற்றில் விட்டுவிடுவார். பாட்டு சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுப்பா, அதிலிருந்து அரை இடம் தள்ளியா, முக்கால் இடம் தள்ளியா என்று கையில் தாளம் ஓடினால்தான் சரியாக நுழையலாம். ஆதி தாளத்தில் அரை இடம் தள்ளி எடுக்க வேண்டிய பாட்டைச் சமத்தில் எடுத்துவிட்டால், மிருதங்கக்காரர் அந்த ஆவர்த்தனத்துக்குள் (ஒரு தாளச் சுற்றுக்குள்) வளைந்துகொடுத்துப் பிடிப்பார். ஒருமுறை காப்பாற்றலாம். பல்லவி திரும்பும்போதெல்லாம் அதே தப்பு வந்தால் முன்வரிசைப் பெரியவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

விருத்தம் இன்னும் மோசம். தாளமில்லாமல் ராகத்தில் விரித்துப் பாடி, கடைசி அடியில் பாட்டு தொடங்குகிற ஸ்வரத்துக்கு இறங்கி நின்றால்தான் பக்கவாத்தியத்துக்குத் தட்டலாம் என்று தெரியும். டிராக்கில் விருத்தமே கிடையாது. எட்டுப் பாட்டில் ஒன்றுக்குக்கூட விருத்தம் சொல்லிக் கொடுக்கவில்லை. விருத்தம் இல்லாத ராஜபார்ட்டுக்கு எந்த ஊர்க் கமிட்டியும் இரண்டாவது முறை தேதி கொடுத்துக் கூப்பிடாது.

கட்டை, அதாவது பாடுகிற சுருதியின் உயரம், அந்த விஷயத்தில் நடந்தது வயிறு எரிகிற கதை. ஆண், பெண், குரல் உடையும் வயதுப் பையன் எல்லாருக்கும் ஒரே டிராக், 4 கட்டை. மேடையில் ஸ்திரீபார்ட் பெரும்பாலும் 5 கட்டைப் பக்கம் நிற்பார். 1 கட்டைக் குரல் உள்ள ஆண், வாக்குவாதமாகப் பாடும் தர்க்கப் பாட்டில் அவரோடு 5 கட்டையில் நிற்க வேண்டி வந்தால், புது சட்சமம் (ஸ) இவருடைய பஞ்சமத்தில் (ப) போய் உட்காரும். அங்கே மேல் சட்சமம் தொடுவது என்றால் சொந்தச் சுருதியில் தார பஞ்சமம் (மேல் ஸ்தாயி ப) தொடுகிற மாதிரி. அனுபவப்பட்டவர் மேலே போகிற இடத்தை மடக்கிக் கீழே எடுத்துப் பாடுவார், அல்லது அந்த அடியை வசனமாக நீட்டிவிட்டு ஆர்மோனியக்காரரைப் பார்ப்பார். அவர் சுருதியை மாற்றிக் கொடுப்பார். இந்தப் பார்வையும் மடக்கும் உயிருள்ள ஆர்மோனியத்தோடு உட்கார்ந்தால்தான் வரும். மையத்தில் சொன்னது என்ன தெரியுமா? "கிட்டப்பா மாதிரி கத்திப் பாடு தம்பி, தொண்டை தானா திறக்கும்." அந்தக் கால நாடக மேடைப் பாடகர் கிட்டப்பாவின் உச்சஸ்தாயி கத்தலால் வந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே மேடையிலும் சாதகத்திலும் ஊறிய குரல் அது.

13, 14 வயதுப் பையன்களைக் குரல் உடையும் நேரத்தில் உச்சத்தில் கத்த விட்டால் குரல் நாணில் தடிப்பு விழலாம். அந்த வயதில் கீழ் ஸ்தாயியிலும் நடு ஸ்தாயியிலும் மெதுவாக அகார சாதகம் ("ஆ" என்று இழுத்துப் பாடும் பயிற்சி), தினம் 20 நிமிஷம் என்று ஆரம்பித்து ஏற்ற வேண்டும். மேல் சட்சமத்தைத் தொடாமல் சில மாதம் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நின்றால் கஷாயம், மிளகு, பனங்கற்கண்டு என்று இழுக்காமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் குரலுக்கு ஓய்வும் பயிற்சியுமே பெரும்பாலும் போதும். கரகரத்த குரலோடு கிசுகிசுவென்று பேசுவதும் கெடுதல்தான். மெல்லிய சாதாரணக் குரலில் பேசச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள்.

தர்க்கத்துக்கு வருவோம். வள்ளி திருமணத்தைப் பார்க்க வருகிற பாதிக் கூட்டம் நாரதர்–வள்ளி, வேலன்–வள்ளி தர்க்கத்துக்காகத்தான் உட்கார்ந்திருக்கும். மையத்தில் நாலு கேள்வி, நாலு பதில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பயிற்சி முடித்த ஒரு பெண்ணுக்கு ஒரு கோயில் மேடையில் வள்ளி வேஷம் கிடைத்தது. மூத்த நாரதர் வழக்கமாகக் கேட்பதை விட்டு, "பறவைக்குப் பசி, உனக்குக் காவல். இதில் எது தர்மம், சொல்லம்மா?" என்றார். அந்தப் பெண் நோட்டில் இருந்த முதல் பதிலைச் சொன்னது. அது வேறு கேள்விக்கான பதில். நாரதர் பெரிய மனசு பண்ணி, "கேள்வி காதில் விழவில்லையோ?" என்று திரும்பக் கேட்டார். மறுபடியும் அதே பதில். ஆர்மோனியக்காரர் சட்டென்று ஆலோலப் பாட்டின் முன்னிசையை எடுத்துவிட்டதால் காட்சி நகர்ந்தது. அந்தப் பெண்மேல் குற்றமில்லை. கந்தபுராணக் கதையை முழுதாகச் சொல்லிக் கொடுத்து, பத்து திருப்புகழாவது பொருளோடு படிக்க வைத்து, வாரம் ஒரு ஆள் எதிரே நின்று எதை வேண்டுமானாலும் கேட்டு மடக்கியிருந்தால் அது வேறு மாதிரி நின்றிருக்கும். தர்க்கத்துக்கு மூத்த நடிகர்கள் தருகிற முதல் பாடமே இதுதான்: பதில் வராவிட்டால் கேள்வியையே திருப்பிக் கேள்வியாக்கு, ஒரு விருத்தம் எடு, அதற்குள் யோசி. விருத்தமே தெரியாத பிள்ளை எதை எடுக்கும்?

டிரஸ் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. வெல்வெட்டும் ஜிகினாவும் கொடுத்த விலைக்குப் பாதிகூடப் பெறாது. கிரீடம் எல்லாருக்கும் ஒரே அளவு. தலையை நிமிர்த்தி மேல் ஸ்தாயி எடுத்தால் பின்னால் சரியும். புதிதாக வருகிறவர்கள் வாடகைக்கு எடுத்தாலே போதும். பத்து மேடை ஏறின பிறகு உங்கள் தலை அளவுக்குச் செய்துகொள்ளுங்கள்.

அரங்கேற்றம் கல்யாண மண்டபத்தில் மாலை 5 மணிக்கு, ஆளுக்கு 12 நிமிஷம், அதே டிராக்கில். பார்த்தவர்கள் பெற்றோரும் சொந்தக்காரர்களும். ஸ்பெஷல் நாடகத்தில் தேதி கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவரோ, சங்கத்து ஆள் ஒருவரோ அங்கே இல்லை. சான்றிதழில் பெரிய முத்திரை, "அரசு அங்கீகாரம்" என்று ஒரு வரி. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்: தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியமும் அரசு அமைப்புகள். அவற்றின் உதவியோ உறுப்பினர் அட்டையோ வேண்டுமானால் கலைஞரே அங்கே விண்ணப்பிக்க வேண்டும். "கட்டணத்தில் வாரிய அட்டையும் சேர்த்து" என்று தனியார் மையம் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். ஊர் ஊராக உள்ள நாடக நடிகர் சங்க உறுப்பினர் பதிவும் அப்படித்தான். சங்கத்தில் நேரே போய்க் கேட்டால் நடைமுறையைச் சொல்வார்கள், நடுவில் யாருக்கும் பணம் வேண்டாம்.

அப்படியானால் எங்கே கற்பது என்று கேட்பீர்கள். குரலுக்கும் தாளத்துக்கும் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 3 ஆண்டுப் படிப்பு இருக்கிறது, கட்டணமும் தனியார் மையத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. பட்டம் வேண்டுமென்றால் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை உண்டு, புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத்துறை உண்டு. ஆனால் பட்டத்தைப் பார்த்து ராத்திரி நாடகத்துக்குத் தேதி வராது. அதற்கு மூத்த ராஜபார்ட்டிடமோ ஆர்மோனியக்காரரிடமோ போய்ச் சேர வேண்டும். பங்குனியிலிருந்து ஆடி வரை தேதி நெருக்கமாக இருக்கும்போது அவரோடு ஊர் ஊராகப் போய் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, பகலில் பாடம் எழுதிக்கொள்வது, மார்கழி மாதிரி தேதி குறைந்த காலத்தில் சாதகம். முதலில் சின்ன வேஷம் வரும். பெரிய பார்ட்டுக்கு இரண்டு மூன்று சீசன் ஆகும். 6 மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறவரிடம், அவர் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தச் சித்திரையில் எந்தெந்த ஊரில் நடித்தார்கள் என்று கேளுங்கள். நாடக நோட்டீஸில் பெயரும் போட்டோவும் இருக்கும், காட்டச் சொல்லுங்கள்.

சேரும் முன் ஒரு வகுப்பை இலவசமாகப் பார்க்க விடச் சொல்லுங்கள். ஆர்மோனியம் வாசிப்பவர் அங்கே இருக்கிறாரா என்று பாருங்கள். மாணவர் ஒருவர் பாடும்போது சுருதியை அரைக் கட்டை மாற்றித் தரச் சொல்லுங்கள், முன்னிசையை ஒரு சுற்று கூட்டச் சொல்லுங்கள். 4 மாதம் படித்த பிள்ளை அதில் தடுமாறாமல் நுழைந்தால் அங்கே ஏதோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நம்பலாம். கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள். மொத்தமாகக் கேட்டால் வேண்டாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களுக்கு: விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீர்கள். முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் பணம் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நிற்கலாம், பிரச்சினை நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். மேலே சொன்ன மையத்துக்குப் பதிவுத் தபால் போட்ட மூன்று பேருக்கும் டிரஸ் பணம் 14,000 மட்டும் திரும்ப வந்திருக்கிறது, டிரஸ்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகு. மீதிக்கு இரண்டு பேர் ஆணையத்துக்குப் போகிறார்கள். அதே மையத்தில் பணம் கட்டி ரசீது இல்லாமல் நிற்கிறவர்கள் வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வையுங்கள், ஆணையத்தில் அதையும் ஆதாரமாகக் காட்டலாம்.