டாய்லெட் எதிர்த்து வருகிறதா? செப்டிக் டேங்க் பவுடர், ஆசிட், ஃபில்டர், லாரி: எது உருப்படி?

ஊற்றிய தண்ணீர் இறங்காமல் டாய்லெட் எதிர்த்து வரும் நாளில்தான் செப்டிக் டேங்க் சாமான்கள் பக்கம் பலரும் திரும்புகிறார்கள். அந்த அவசரத்தில் முதலில் கையில் சிக்குவது பாக்டீரியா பவுடர் பாக்கெட். அது கேட்காவிட்டால் ஆசிட். அதுவும் கேட்காவிட்டால் கழிவை உறிஞ்சும் லாரி. டேங்கின் வெளிப்போக்குக் குழாயில் மாட்டும் ஃபில்டர் யார் நினைவுக்கும் வருவதில்லை. எங்கள் மதிப்பெண் இந்த வரிசைக்குக் கிட்டத்தட்டத் தலைகீழ். ஃபில்டருக்கு முதலிடம், முறையாக வேலை செய்யும் லாரிக்கு அடுத்த இடம், பவுடர் எங்கேயோ பின்னால். ஆசிட்டை வாங்கவே வேண்டாம்.

காசு செலவழிக்கும் முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும்: டேங்குக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது? ஒரு பேசினிலோ ஒரு குளியலறையிலோ மட்டும் தண்ணீர் நின்றால் அது அந்தக் குழாயின் டிராப்பில், அதாவது தண்ணீர் தேங்கும் வளைவில், உள்ள அடைப்பு. டேங்க் பக்கமே போக வேண்டாம். மாடியில் ஃபிளஷ் செய்யும்போது தரைத்தளக் குளியலறை டிரெயினில் குமிழி விட்டாலோ, அங்கே முதலில் பொங்கினாலோ, கோளாறு மெயின் லைனிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அப்போதுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

திறக்கும்போது முகத்தைத் துவாரத்துக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. பக்கத்தில் நெருப்பு கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கும். அதைவிட ஆபத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு. குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டதே, வாயு போய்விட்டது என்று நினைப்பவர்தான் விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவர் அடுத்து விழுகிறார். டேங்க் காலியாக இருந்தாலும் எதற்காகவும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. பார்ப்பதெல்லாம் மேலிருந்து, டார்ச் வெளிச்சத்தில்.

வெளிப்போக்குக் குழாயின் அடிவிளிம்புதான் அளவுகோல். நல்ல நிலையில் உள்ள டேங்கில் தண்ணீர் சரியாக அந்த விளிம்பில் நிற்கும். “டேங்க் ஃபுல்லா இருக்கு, அதான் எதிர்க்குது” என்று சொல்லி லாரியைக் கூப்பிடச் சொல்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். செப்டிக் டேங்க் எப்போதுமே நிறைந்துதான் இருக்கும். உள்ளே வரும் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் ஒரு வாளி வெளியே போவதுதான் அதன் வேலை.

தண்ணீர் அந்த விளிம்பில் சரியாக நின்றும் வீட்டில் எதிர்க்கிறது என்றால் டேங்கின் மேல் பழி இல்லை. வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவே அடைப்பு. முதலில் பார்க்க வேண்டியது உட்போக்குக் குழாயில் இருக்கும் டீ, அதாவது T வடிவக் குழாய்த் துண்டு. மேலே படிந்த கொழுப்புப் படலம் கெட்டியாகி டீயின் வாயை மூடியிருக்கும், அல்லது ஈரத் துடைப்புத் தாள்கள் அங்கே சிக்கியிருக்கும். டீயின் மேல்வாய் திறந்திருப்பதால் நீளமான கம்பால் மேலிருந்து குத்திவிட்டாலே பல நேரம் சடாரென்று இறங்கிவிடும். அதுவும் இல்லையென்றால் குழாய்க்குள் அடைப்பு. 4 அங்குலக் குழாய்க்கு மீட்டருக்கு 20 மி.மீ. சரிவு நல்லது, 10 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மண் அமுங்கிக் குழாய் தொய்ந்த இடத்தில் எத்தனை முறை எடுத்தாலும் அடைப்பு திரும்பத் திரும்ப வரும். அதைத் தோண்டிச் சரிசெய்வதைத் தவிர வேறு வழி கிடையாது. அடைப்பெடுக்கும் ஸ்பிரிங் கம்பி விடுவது, அதிலும் வெட்டு முனை இல்லாமல் விடுவது, கொழுப்பில் ஒரு ஓட்டை போடுமே தவிர குழாயின் உட்சுவரைச் சுத்தம் செய்யாது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் ஜெட்டிங்தான் அதைச் செய்யும். டேங்க் முனையிலிருந்து வீட்டை நோக்கி ஜெட் குழாயை விட வேண்டும். பின்பக்கம் பீய்ச்சும் தண்ணீர் நாசிலை முன்னே தள்ளிக்கொண்டே அழுக்கை டேங்க் பக்கம் இழுத்து வரும்.

மட்டம் விளிம்புக்குக் கீழே கிடந்தால் டேங்கில் விரிசல். வீட்டில் எந்தத் தொல்லையும் தெரியாது, நிலத்தடி நீர்தான் கெடும்.

மட்டம் விளிம்புக்கு மேலே ஏறி நிற்பதுதான் உண்மையான தலைவலி. ஒன்று, வெளிப்போக்கு டீயிலோ ஃபில்டரிலோ அடைப்பு. இல்லையென்றால் அதற்கப்பால் உறிஞ்சுகுழியோ, துளைக் குழாய் பதித்த உறிஞ்சு களமோ தண்ணீரை வாங்க மறுக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சரியான நேரம் லாரி உறிஞ்சும் நேரம். மட்டம் வெளிப்போக்குக்குக் கீழே இறங்கியதும் அந்தக் குழாயைக் கவனிக்க வேண்டும். குழி பக்கமிருந்து தண்ணீர் திரும்பி டேங்குக்குள் ஓடி வந்தால் குழி நிறைந்து கிடக்கிறது. ஓடி வராவிட்டால் அடைப்பு டேங்க் வாயிலோ, குழிக்குப் போகும் குழாயிலோதான். இதைப் பார்க்காமல் லாரியை அனுப்பிவிட்டால் கிடைப்பது சில நாள் நிம்மதி மட்டும். 3,000 லிட்டர் டேங்க், நாளைக்கு 600 லிட்டர் செலவு என்றால் ஐந்தே நாளில் பழைய நிலை. லாரி வந்து போன ஒரு வாரத்தில் மறுபடி எதிர்த்தால் குற்றம் லாரியுடையது அல்ல.

பவுடர்

இனி கடைச் சரக்கு. பவுடர் பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு இத்தனை கோடி பாக்டீரியா என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் பேசில்லஸ் இனத்தின் வித்துகள், கூடவே கொஞ்சம் என்சைம். எண்ணிக்கை பொய்யில்லை. ஆனால் ஒரு கிராம் மலத்திலேயே ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியா உண்டு. தினமும் குடும்பமே இலவசமாகப் போடும் சரக்குக்கு மேல் வாரம் ஒரு ஸ்பூன் சேர்த்து என்ன ஆகப் போகிறது? டேங்கில் பாக்டீரியா பஞ்சமே கிடையாது. அங்கே தேங்குவது பாக்டீரியாவால் தின்ன முடியாத சரக்கு: மணல், முடி, துணிநூல், பிளாஸ்டிக், நாப்கின், ‘ஃபிளஷ் செய்யலாம்’ என்று எழுதி விற்கும் துடைப்புத் தாள். குழாய் அடைப்பையோ, நிறைந்த குழியையோ இந்தப் பொடி தொடக்கூடத் தொடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இத்தகைய சேர்க்கைகளைப் பரிந்துரைப்பதில்லை.

“போட்டால் கெடுதல் இல்லையே” என்பார்கள். பவுடரை நம்பி உறிஞ்சுவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுவதுதான் கெடுதல். அதற்குள் வண்டல் ஏறி, வெளிப்போக்கு வழியே குழிக்குப் போய்விடும். ஈஸ்ட், வெல்லக் கரைசல் போன்ற கைவைத்தியங்களும் இதே கணக்குதான். புதிதாகக் கட்டிய டேங்குக்கும், இப்போதுதான் காலி செய்த டேங்குக்கும் ‘விதை’ போட வேண்டும் என்பதும் விற்பனைப் பேச்சு. முதல் நாள் பயன்பாடே போதும்.

ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் கான்கிரீட்டை அரிக்கும், டேங்கில் நடக்கும் செரிமானத்தைக் கொஞ்ச காலம் நிறுத்திவிடும், கலங்கிய வண்டலைக் குழிக்குத் தள்ளும். கழிவறை கழுவ வழக்கமாகப் பயன்படுத்தும் அளவு கிளீனரால் டேங்க் ஒன்றும் செத்துவிடாது. பாட்டில் பாட்டிலாகக் கவிழ்ப்பதுதான் பிரச்சினை. பிளீச்சும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஃபில்டர்

வெளிப்போக்கு டீயின் இடத்தில் உட்காரும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் கைப்பிடியோடு மேலே உருவக்கூடிய கார்ட்ரிட்ஜ். மொத்தமே இவ்வளவுதான். கார்ட்ரிட்ஜில் அடுக்கடுக்காக நுண்ணிய வெட்டுகள் இருக்கும். 1.6 மி.மீ. வெட்டு முடியையும் நூலையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் அடையும். 3.2 மி.மீ. வெட்டு கொஞ்சம் தாராளம். ஆட்கள் அதிகமுள்ள வீட்டுக்கும் வாஷிங் மெஷின் தண்ணீர் டேங்குக்கு வரும் வீட்டுக்கும் நீளமான, வடிகட்டும் பரப்பு கூடுதலான கார்ட்ரிட்ஜ் வாங்குவது நல்லது. பெட்டியில் என்எஸ்எஃப்/ஆன்சி 46 என்ற தர முத்திரை இருக்கிறதா பார்க்கவும்.

மாட்டும்போது உறையின் அடிவாய் தண்ணீர் ஆழத்தில் சுமார் 40 சதவீதம் கீழே போக வேண்டும். மேலே கொழுப்புப் படலம், அடியில் வண்டல், நடுவில் தெளிந்த நீர். அந்தத் தெளிந்த நீரிலிருந்துதான் ஃபில்டர் எடுக்க வேண்டும். உறை குட்டையாக இருந்தால் அடியில் அதே விட்டத்தில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை ஒட்டி நீட்டலாம். பழைய டேங்குகளில் டீக்குப் பதிலாக இருக்கும் கான்கிரீட் தடுப்பு ஹைட்ரஜன் சல்ஃபைடு அரித்து உதிர்ந்திருக்கும். எப்படியும் அந்த இடத்தில் புது பிவிசி டீ வைக்க வேண்டியிருக்கும், கூடவே ஃபில்டரையும் வைத்துவிடலாம். டேங்குக்குள் தலையோ உடம்போ போகாமல் கைக்கு எட்டினால்தான் இந்த வேலை. எட்டாவிட்டால் முறையான கருவி உள்ளவர்களிடம் விடவும்.

குறையையும் சொல்லிவிடுவோம். ஃபில்டர் அடைபடும். அடைபடுவதற்காகவே அது இருக்கிறது. அழுக்கு குழிக்குப் போய் மண்ணின் துளைகளை அடைத்தால் தோண்டிப் புதிதாகப் போடுவதைத் தவிர பெரும்பாலும் வழியில்லை. ஃபில்டரில் அடைத்தால் ஒரு ஹோஸ் குழாயும் பத்து நிமிடமும் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையாவது கொடுக்காதவர் வீட்டில் ஃபில்டரே எதிர்ப்புக்குக் காரணமாகிவிடும். மூடி மண்ணுக்குள்ளோ டைல்ஸுக்கு அடியிலோ புதைந்திருந்தால் முதலில் தரைமட்டம் வரை ரைசர் (மூடியை மேலே உயர்த்தும் வளையம்) ஏற்றுங்கள், ஃபில்டர் அப்புறம்.

சுத்தம் செய்வதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மட்டம் உயர்ந்து நிற்கும்போது கார்ட்ரிட்ஜைச் சட்டென்று உருவினால், தேங்கிய தண்ணீர் வண்டலையும் இழுத்துக்கொண்டு குழிக்குப் பாயும். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, முடிந்தால் மட்டத்தை இறக்கிவிட்டு, மெதுவாக உருவ வேண்டும். சில மாடல்களில் கார்ட்ரிட்ஜ் வெளியே வந்ததும் ஒரு பந்து மிதந்து வாயை அடைத்துவிடும். கிடைத்தால் அதையே வாங்கலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கார்ட்ரிட்ஜை டேங்கின் உட்போக்கு முனை மேல் பிடித்து, கழுவும் தண்ணீர் டேங்குக்குள்ளேயே விழும்படி பீய்ச்சவும். பளபளவென்று தேய்க்க வேண்டியதில்லை. திரும்ப மாட்டும்போது அம்புக்குறி பார்த்து, அடிவரை உட்கார்கிறதா என்று அழுத்திப் பார்க்கவும். பாதியில் நின்றால் தண்ணீர் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

லாரி

நல்ல லாரிக்காரரை அடையாளம் காண்பது எளிது. குழாயைச் சிறு துவாரத்தில் விட்டு மேல்தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு கிளம்புகிறவர் வேண்டாம். அடிவண்டல் அப்படியே கிடக்கும். பெரிய மூடியைத் திறந்து, இரண்டு அறை இருந்தால் இரண்டையும் உறிஞ்சி, கெட்டி வண்டலைத் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி எடுத்து, போகும் முன் டீ இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று காட்டுகிறவர் வேண்டும். எடுத்த கழிவை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டுகிறார் என்பதையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். மழைக்காலத்தில், நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது, பிளாஸ்டிக் டேங்கையோ ஃபைபர் டேங்கையோ ஒரேயடியாகக் காலி செய்ய விடக் கூடாது. எடை குறைந்த டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே மிதந்து வந்து குழாய் இணைப்புகளைப் பிய்த்துவிடும்.

எப்போது கூப்பிடுவது? சாதாரணக் குடும்பத்துக்கு 3 முதல் 5 ஆண்டு என்பது பொதுக்கணக்கு. அளந்து பார்ப்பது அதைவிட மேல். அடியில் வால்வு உள்ள, ஒளி ஊடுருவும் வண்டல் அளவுக் குழாய் விற்கிறது. இறக்கித் தூக்கினால் அடுக்குகள் அப்படியே குழாய்க்குள் தெரியும். அது இல்லாவிட்டால் நீளக் கம்பில் வெள்ளைத் துண்டைச் சுற்றி அடிவரை இறக்கிச் சில நிமிடம் விட்டு எடுத்தால், கறுப்பு ஏறிய உயரம்தான் வண்டல். வண்டலின் மேல்மட்டம் வெளிப்போக்கு டீயின் அடிவாய்க்கு 12 அங்குலத்துக்குள் வந்துவிட்டாலோ, கொழுப்புப் படலத்தின் அடி 6 அங்குலத்துக்குள் நெருங்கிவிட்டாலோ லாரிக்குச் சொல்லுங்கள்.

குழிதான் நிறைந்திருக்கிறது என்று தெரிந்த வீட்டில், தோண்டக் கூலி பேசும் முன் ஃபிளஷ் டேங்குகளைச் சோதியுங்கள். தொட்டியில் சமையல் வண்ணம் சில துளி விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விட வேண்டும். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடி ரப்பர் கசிகிறது. சத்தமில்லாமல் நாளைக்குச் சில நூறு லிட்டர் இப்படியே குழிக்குப் போகும். ரப்பரை மாற்றி, துணி துவைப்பதை ஒரே நாளில் குவிக்காமல் வாரம் முழுக்கப் பிரித்து, கூரை மழைநீர்க் குழாய் குழி பக்கம் வடிந்தால் அதைத் திருப்பிவிட்டு, இரண்டு மூன்று வாரம் மட்டத்தைப் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால்தான் புதுக் குழி.