பிள்ளை வண்டியும் இழுவைச் சட்டமும்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு, கொழும்புக்குள் நுழையும் கடைசிக் காலையில்

பிள்ளைகளோடு இலங்கையைச் சைக்கிளில் சுற்றுபவர்கள் இரண்டு சாமான்களில் ஒன்றை நம்பித்தான் போகிறார்கள். ஒன்று, இரண்டு பிள்ளைகள் அமரக்கூடிய இழுவை வண்டி. மற்றது, பிள்ளையின் சைக்கிளை முன்சில்லு தூக்கியபடி பெரியவரின் பின்அச்சோடு மாட்டும் சட்டம். புதிதாக இருக்கையில் இரண்டிலும் குறை காண முடியாது. மலைநாட்டு இறக்கங்களும் கரையோர உப்புக்காற்றும் பட்ட பிறகு, நீர்கொழும்பிலிருந்து கொழும்புக்குப் போகும் வழியில் கொழும்பு நண்பர்கள் வந்து சேர்ந்துகொள்ளும் அந்தக் கடைசி நாளில்தான் சாயம் வெளுக்கும். சாமான் தேய்ந்திருக்கும், பிள்ளைகள் களைத்திருப்பார்கள், வந்தவர்களோ உற்சாகத்தில் வேகமாக மிதிப்பார்கள்.

முதலில் பிரேக். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கமாக இறங்கியவர்கள் கம்பளையை அடைவதற்குள் பின்சில்லின் பிரேக் கட்டைகளை நன்றாகத் தின்றிருப்பார்கள். இழுவை வண்டி பின்னாலிருந்து தள்ளுவதே காரணம். டிஸ்க் பிரேக்கில் உராயும் படலம் 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும். சமதரையான கரையோர வீதியில் இந்தத் தேய்மானம் தெரியாது. கொழும்புக்குள் நுழைகையில் பஸ் குறுக்கே நிற்கும்போதுதான் தெரியும். ஆகவே சந்திப்புக்கு முதல் நாள் மாலையே சில்லைக் கழற்றிப் பாருங்கள்.

சட்டத்தில் பழுதாவது மூட்டிலுள்ள நைலோன் உறை. பிள்ளையின் சீற்றைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். பெரிய சைக்கிள் அசையாமல் பிள்ளையின் சைக்கிள் மட்டும் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் சாய்ந்தால் உறை போய்விட்டது. கொழும்புக்கு வந்த பிறகு இது பெரிய வேலையில்லை. பழைய உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பஞ்சிகாவத்தைப் பக்கம் லேத் பட்டறைக்காரர் நைலோன் தண்டில் கடைந்து தருவார். வழியில் என்றால் தடித்த பிளாஸ்டிக் போத்தலை வெட்டிச் சுற்றி இறுக்கலாம். அதைக் கடைசி 40 கிலோமீற்றருக்கு மட்டும் நம்புங்கள்.

வண்டியில் முதலில் சாவது, அதைப் பெரிய சைக்கிளோடு மாட்டும் கொளுக்கியின் றப்பர் மூட்டு. வெயிலில் மயிர்க்கோடுபோல வெடிக்கும். கையால் வளைத்துப் பார்த்தால்தான் கண்ணுக்குப் படும். கூடவே வரும் பாதுகாப்பு வாரைப் பெரிய சைக்கிளின் சட்டத்தைச் சுற்றிப் போடாமல் ஓடவே கூடாது. வண்டி மூடுதுணியின் சிப்பில் உப்பு ஏறி இறுகினால் மெழுகுதிரியால் தேயுங்கள். எண்ணெய் விட்டால் மண் ஒட்டி இன்னும் கெடும்.

பாதை விடயத்தில் எங்கள் கட்சி தெளிவு: நீர்கொழும்பு-கொழும்புப் பிரதான வீதியான ஏ3 வேண்டாம். கட்டுநாயக்க அதிவேகப் பாதை 2013இல் திறந்த பிறகும் அங்கே பஸ்களின் ஓட்டப்பந்தயம் குறையவில்லை. அதிவேகப் பாதையிலோ சைக்கிளுக்கு இடமில்லை. நீர்கொழும்பிலிருந்து பிட்டிப்பனை, பமுணுகம, உஸ்வெட்டகெய்யாவ, ஹெந்தளை என்று களப்புக்கும் கடலுக்கும் நடுவே வரும் வீதி தட்டையானது. பாதித் தூரத்துக்கு ஹமில்ட்டன் கால்வாய் துணைக்கு வரும். ஊரில் அதை ஒல்லாந்தர் கால்வாய் என்பார்கள், ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் வெட்டியது. இந்தக் கரை முழுக்கக் கத்தோலிக்கக் கிராமங்கள் என்பதால் ஞாயிறு காலை பூசை முடியும் நேரத்தில் கோயில் வாசல்தோறும் ஆட்டோக்கள் அடைத்து நிற்கும். போயா விடுமுறை அதைவிட நல்லது.

நண்பர்களைக் காலிமுகத்திடலில் சந்திப்பதாகச் சொல்லாதீர்கள். களனி ஆற்றுக்கு வடக்கே, உஸ்வெட்டகெய்யாவ அளவில் காலை ஏழு மணிக்குச் சந்தித்தால் அவர்களால் உண்மையான பிரயோசனம் உண்டு. மட்டக்குளிப் பாலம் தாண்டி முகத்துவாரம், கொச்சிக்கடை வழியே கோட்டைக்கு வரும்வரை துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் ஓடும். அங்கே ஒரு நண்பர் வண்டிக்குப் பின்னால், அரை மீற்றர் வலப்பக்கமாக விலகி வரவேண்டும். முந்துகிற வாகனம் அவரைச் சுற்றி எடுத்தாலே வண்டியையும் தாராளமாகத் தாண்டிவிடும். வேகத்தைப் பாரம் இழுப்பவரே தீர்மானிக்கட்டும், அது மணிக்கு 12 முதல் 14 கிலோமீற்றர்தான். இடது ஓரத்தை ஒட்டி ஓடவேண்டாம். நடைபாதைக் கட்டின் மேல் இடது சில்லு ஏறினால் வண்டி கவிழும். ஒரு மீற்றராவது விட்டு ஓடுங்கள். வண்டியின் டயரில் 35 பி.எஸ்.ஐ. போதும். அதற்கு மேல் இறுக்கினால் வேகத்தடையில் துள்ளும்.

சந்தித்த சந்தோஷத்தில் இரண்டு யோசனைகள் கட்டாயம் வரும். “எங்கட பிள்ளையும் கொஞ்சம் ஏறட்டும்” என்பது ஒன்று. இருவர் அமரும் வண்டிகள் பலவற்றின் எல்லை, சாமான்களையும் சேர்த்து, 45 கிலோ. 18 கிலோப் பிள்ளைகள் இருவரும் தண்ணீர்ப் போத்தல்களும் உடுப்புப் பையும் என்றாலே அது நிரம்பிவிடும். “கொஞ்சத் தூரம் நான் இழுக்கிறன்” என்பது மற்றது. மனம் நல்லதுதான், அச்சு ஒத்துவராது. ஊடச்சு (சில்லின் நடுவே ஊடுருவிச் சட்டத்தில் முறுக்கி இறுக்கும் அச்சு) உள்ள புதிய சைக்கிள்களில் புரியின் இடைவெளி 1.0, 1.5, 1.75 மி.மீ. என்று மாறும். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், முறுக்கினால் புரி போய்விடும். கேபிள் இல்லாமல் இரும்புக் கம்பிகளால் இழுக்கும் பிரேக் உள்ள பழைய உயரச் சைக்கிளில் கொளுக்கி மாட்டவே வேண்டாம். இரும்பு ரிம் நனைந்தால் அந்தப் பிரேக் தனி ஆளையே ஒழுங்காக நிறுத்தாது.

காற்றும் அப்படித்தான். நாட்டுச் சைக்கிள் கடைகளில் கிடைப்பது பழைய பாணி வால்வு உள்ள டியூப்கள். மோட்டார் சைக்கிள் வால்வு என்றால் எந்தப் பெற்றோல் நிலையத்திலும் அடிக்கலாம். மெல்லிய வால்வுக்காரர்கள் சின்னப் பித்தளை இணைப்பி ஒன்றை வைத்திருந்தால் அவர்களும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கான பம்மில் அடிக்கலாம். கொழும்பு நண்பர்கள் டாம் வீதிச் சைக்கிள் கடைகளில் வாங்கி வரட்டும்.

காலிமுகத்திடலுக்குள் இறங்கும் முன் வண்டியின் கொடிக்கம்பைக் கழற்றுங்கள். அங்கே பட்டம் விடுவார்கள், நூல் கம்பில் சிக்கினால் விடுபடாது. இறால் வடைக்கு அவசரப்படும் பிள்ளைகளை இறக்குமுன் பெரிய சைக்கிளை ஒருவர் பிடித்திருக்கவேண்டும். ஸ்டான்டில் மட்டும் நிற்கிற சைக்கிளை, பிள்ளை இறங்கும்போது வண்டி இழுத்துச் சாய்த்துவிடும்.